செனட்டர், செனட், மூதவை: ஒரு சொல்லும் திருகோணமலையும்

திருகோணமலையில் பத்திரிகை வாசிக்கும் ஒருவருக்கு 'செனட்' என்ற சொல் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் அமெரிக்க செனட் ஏதோ ஒரு மசோதாவை நிறைவேற்றியிருக்கும், அல்லது ஒரு செனட்டர் அதை எதிர்த்திருப்பார். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் பிள்ளை, 'பெறுபேறு வந்துவிட்டது, இன்னும் மூதவை அங்கீகரிக்கவில்லை' என்று வீட்டில் சொல்லும். வயதில் மூத்த ஒருவர் பழைய அரசியலைப் பேசத் தொடங்கினால், 'செனட்டர் திருச்செல்வம்' என்று பட்டத்தோடு சேர்த்தே பெயரைச் சொல்வார்.

மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்கள்தாம். ஆயினும் முதலாவது, மக்களின் வாக்கால் வந்தவர்கள் அமர்ந்திருக்கும் சபை. இரண்டாவது, பேராசிரியர்களும் பீடாதிபதிகளும் கூடும் கல்விச் சபை. மூன்றாவது, மக்களிடம் வாக்குக் கேட்காமல் அமைச்சரவைக்குள் சென்ற ஒரு மனிதரின் பட்டம். ஒரு சொல் இவ்வளவு தூரம் விரிந்து நிற்கும்போது, 'செனட்டுக்குரிய', 'செனட்டருக்குரிய' என்று நாம் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் எந்தச் செனட், எந்தச் செனட்டர் என்ற தெளிவு வேண்டியிருக்கிறது. திருமலைக்காரருக்கு இது அகராதி விவகாரம் மட்டுமன்று. இந்தச் சொல் சுட்டும் பதவிக்கு எவ்வளவு கனம் இருந்தது, எவ்வளவு பலம் இல்லாமல் இருந்தது என்பது 1968 இல் எங்கள் ஊரை வைத்துத்தான் வெளிப்பட்டது.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். இலத்தீனில் 'செனெக்ஸ்' என்றால் முதியவர். முதியவர்கள் கூடும் அவை 'செனாத்துஸ்'. தமிழில் இதற்கு 'மூதவை' என்று பெயர் வைத்தவர்கள் வெகு பொருத்தமாக வைத்திருக்கிறார்கள். முது என்ற வேரிலிருந்துதான் மூதாட்டி, மூதாதையர், மூதறிஞர் எல்லாம் வருகின்றன. கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் இருக்கும் மூதூரின் பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். ஆகவே திருகோணமலை மாவட்டத்தில் பிறந்த ஒருவருக்கு 'மூதவை' என்பதன் முற்பாதியை விளக்க வேண்டிய தேவையே இல்லை.

உரோமில் அந்த அவைக்கு இருந்த அதிகாரம் விசித்திரமானது. அது இயற்றியது சட்டம் அன்று. பெயரளவில் ஆலோசனை மட்டுமே. ஆனால் அந்த ஆலோசனையை மீறி நடக்கப் பதவியில் இருந்தவர்கள் பெரும்பாலும் துணியவில்லை. உறுப்பினர் தொகை நெடுங்காலம் 300 ஆக இருந்தது. சுல்லா அதை 600 ஆக்கினார், யூலியஸ் சீசர் 900 வரை உயர்த்தினார், அகஸ்டஸ் மறுபடி 600 க்குக் கொண்டுவந்தார். செனட்டரின் அங்கியில் அகன்ற ஊதாப் பட்டை ஒன்று ஓடும். தெருவில் நடந்தாலே இன்னார் என்று தெரிந்துவிடும். அகஸ்டஸ் காலத்தில் பத்து இலட்சம் செஸ்டர்ஸ் (உரோம நாணயம்) சொத்து இல்லாதவர் செனட்டர் தரத்தில் இருக்க முடியாது. முதுமையைக் குறித்த சொல் மெல்ல மெல்லத் தகுதியையும் செல்வத்தையும் குலத்தையும் குறிக்கும் சொல்லாக மாறியது.

துறைமுக நகரத்தில் இருக்கும் எங்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி ஒன்றும் அந்த வரலாற்றில் உண்டு. கி.மு. 218 இல் 'கிளாடியஸ் சட்டம்' என்ற ஒன்று வந்தது. செனட்டரோ அவருடைய மகனோ 300 சாடிக்கு மேல் சரக்கு ஏற்றக்கூடிய கடற்கப்பலை வைத்திருக்கக் கூடாது என்றது அது. தன் காணியில் விளைந்ததைக் கொண்டுபோக 300 சாடி கொள்ளும் கப்பல் போதும். அதற்கு மேல் என்றால் வணிகம். வணிக இலாபம் செனட்டருக்கு இழுக்கு என்று கருதினார்கள். அதாவது 'செனட்டருக்குரிய' என்ற அடைமொழி ஒருவர் எதைச் செய்யலாம் என்பதைச் சொன்னது போலவே, எதைச் செய்யக் கூடாது என்பதையும் சொன்னது. பதவிக்கு இப்படி ஒரு விலக்கும் இருந்தது என்பது இன்று பலருக்கு மறந்துபோய்விட்டது.

இனி வழக்கு. ஆங்கிலத்தில் செனட்டோடு தொடர்புடைய எதையும் குறிக்க 'செனட்டோரியல்' என்ற ஒரே பெயரடை உண்டு. அது அவையையும் குறிக்கும், அவையில் இருப்பவரையும் குறிக்கும், அவருக்குரிய தரத்தையும் மிடுக்கையும் குறிக்கும். தமிழில் அப்படி ஒரே சொல்லால் தப்பித்துக்கொள்ள முடியாது. செய்தி மேசையில் மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இதை நான் குறையாகக் கருதவில்லை. எழுதுபவரை யோசிக்க வைக்கும் நல்ல கட்டாயம் இது.

நைஜீரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 36 மாநிலங்களுக்கும் மாநிலத்துக்கு மூன்று, தலைநகர்ப் பிரதேசத்துக்கு ஒன்று என 109 செனட் தொகுதிகள் இருக்கின்றன. இங்கே 'செனட் தொகுதி' என்பதுதான் சரி. 'செனட்டர் தொகுதி' என்று எழுதினால் ஒரு குறிப்பிட்ட ஆளின் தொகுதி என்று பொருள்படும். உரோம வரலாற்றில் அகஸ்டஸ் மாகாணங்களைப் பிரித்தபோது, பேரரசர் நேரடியாக ஆண்டவை ஒரு பக்கமும் செனட்டின் பொறுப்பில் விடப்பட்டவை மறுபக்கமும் நின்றன. பின்னவை 'செனட் மாகாணங்கள்'. ஆனால் ஊதாப் பட்டை அணிந்த அந்தக் குடும்பங்களைப் பற்றிச் சொல்லும்போது 'செனட்டர் குலம்' என்பதே பொருந்தும். அங்கே பேச்சு ஆட்களைப் பற்றியது.

அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாநிலத்துக்குரிய கூட்டாட்சிப் பதவிக்குக் குடியரசுத் தலைவர் யாரையாவது முன்மொழிந்தால், அந்த மாநிலத்துச் செனட்டர் வேண்டாம் என்று சொல்லும் பட்சத்தில் மற்றச் செனட்டர்களும் அவர் பக்கம் நிற்பார்கள். 1789 இலேயே இது தொடங்கிவிட்டது. ஜோர்ஜ் வொஷிங்டன் சவானா துறைமுகப் பதவிக்கு முன்மொழிந்த பெஞ்சமின் ஃபிஷ்போர்ன் என்பவரை, ஜோர்ஜியாச் செனட்டரின் மறுப்பை ஏற்று செனட் நிராகரித்தது. இந்த வழக்கத்தைச் சில செய்திகளில் 'செனட் மரியாதை' என்று பெயர்த்துவிடுகிறார்கள். அவைக்குச் செய்யும் மரியாதை என்று வாசகர் எண்ணிவிடுவார். செனட்டர்கள் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் காட்டும் இணக்கம் அது. 'செனட்டர்களின் பரஸ்பர மரியாதை' என்று நீட்டி எழுதினாலும் பரவாயில்லை, பொருள் பிழைக்கக் கூடாது.

'செனட் சபை' என்ற வழக்கையும் சிலர் குறை சொல்வார்கள். செனட் என்றாலே சபைதானே என்பார்கள். எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. எங்கள் பழைய பத்திரிகைகள் 'செனற் சபை', 'செனற்றர்' என்று றகரம் போட்டு அழகாக எழுதி வந்தவை. வாசகருக்கு அந்நியமான ஒரு பெயரின் பின்னால் பழகிய சொல்லைச் சேர்ப்பது தமிழில் இயல்பு. உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு: 'மேலவை' என்பதையும் 'மூதவை' என்பதையும் ஒன்றாக்கிவிடும் பழக்கம். மேலவை என்பது இரு சபைகளில் ஒன்றின் இடத்தைச் சொல்லும் பொதுப்பெயர். இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை மேலவைதான், அது செனட் ஆகாது. 1986 இல் கலைக்கப்பட்ட தமிழ்நாட்டுச் சட்ட மேலவையும் அப்படித்தான். இந்திய மாநிலங்களவைக்கு அதன் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது. செனட் என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்ட அவைகளுக்கு மட்டும் செனட், மூதவை என்ற சொற்களை வைத்திருப்பது நல்லது.

வயதைப் பொறுத்தவரை இன்றைய செனட்டுகள் வேரை முழுவதும் கைவிட்டுவிடவில்லை. அமெரிக்காவில் செனட்டராக 30 வயது ஆக வேண்டும், இத்தாலியில் 40. கனடாவில் செனட்டர்கள் நியமனம் பெற்று 75 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். இலங்கையில் இருந்த செனட்டுக்கு 35 வயது என்று வரையறுத்திருந்தார்கள். சோழ மன்னன் பராந்தகன் காலத்தில், கி.பி. 921 இல் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டும் குடவோலையில் பெயர் எழுதப்படுபவருக்கு 35 முதல் 70 வரை என்று எல்லை வகுக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்ல வரவில்லை. பொதுக் காரியத்துக்கு ஆள் எடுக்கும்போது முதிர்ச்சியை எதிர்பார்ப்பது நம் மண்ணிலும் ஊறிய எண்ணம் என்பதற்கு அது சான்று.

இலங்கைச் செனட் 1947 இல் பிறந்தது. சுதந்திரத்துக்கு முன் இலங்கையின் அரசியல் யாப்பை ஆராய வந்த பிரித்தானிய சோல்பரி ஆணைக்குழு இரண்டாவது சபை ஒன்றைப் பரிந்துரைத்தபோது சொன்ன காரணங்களில், அவசரச் சட்டங்களுக்கு ஒரு தடுப்பு, சிறுபான்மையினருக்கு மேலுமொரு பாதுகாப்பு என்பவை இருந்தன. உறுப்பினர்கள் 30 பேர். 15 பேரைக் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபை, விருப்ப வரிசைப்படி வாக்கிடும் மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில் தெரிவு செய்தது. மற்ற 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி, பிரித்தானிய முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி நியமித்தார். பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். கொழும்புக் கோட்டையில், பின்னாளில் வெளிநாட்டமைச்சு குடிகொண்ட குடியரசுக் கட்டடத்தில்தான் சபை கூடியது.

அமைச்சர்களில் குறைந்தது இருவர் செனட்டர்களாக இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் நீதி அமைச்சராக இருக்க வேண்டும் என்று யாப்பு விதித்தது. கனம் கொடுக்கும் ஏற்பாடு இது. பலம் என்று பார்த்தால் நிதி மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் தடுத்து வைக்க முடியாது. மற்ற மசோதாக்களைத் தாமதப்படுத்தலாம், தடுத்து நிறுத்த முடியாது.

ஆனாலும் 'செனட்டர்' என்ற பட்டம் தமிழரிடையே மதிப்போடு உலவியது. தமிழரசுக் கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான ஈ.எம்.வி. நாகநாதன் முதல் செனட்டில் இருந்தவர். சட்டத்தரணி எஸ். நடேசன் கடைசிவரை 'செனட்டர் நடேசன்' ஆகவே அறியப்பட்டார். திருக்கேதீச்சரத் திருப்பணியின் முன்னோடியான சேர் கந்தையா வைத்தியநாதன் செனட்டராக இருந்து சேர் ஜோன் கொத்தலாவலவின் அமைச்சரவையில் இடம்பெற்றார். தெற்கிலோ, 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க பொதுத்தேர்தலில் போட்டியிடாமலே பிரதமரானவர். செனட்டராக இருந்தே அந்த ஆட்சிக்காலத்தை முடித்தார்.

சிறுபான்மையினரின் பாதுகாப்பு என்று சொல்லப்பட்ட செனட்டுக்கு முதல் பெரிய சோதனை 1956 இல் வந்தது. சிங்களத்தை மட்டுமே அரச கரும மொழியாக்கும் 'சிங்களம் மட்டும்' மசோதா ஜூனில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டையும் கடந்து ஜூலையில் சட்டமானது. ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைத் திருகோணமலையில் கூட்டியது. கூட்டாட்சி, தமிழுக்குச் சம உரிமை, மலையகத் தமிழரின் குடியுரிமை, குடியேற்றங்களை நிறுத்துதல் ஆகிய கோரிக்கைகள் அந்த மாநாட்டில்தான் வடிவம் பெற்றன. கொழும்பின் சபைகளில் கிடைக்காததை மக்கள் இயக்கமாகத் தேடப் புறப்பட்ட இடம் எங்கள் ஊர்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே ஊர் மறுபடி செனட்டோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. 1965 இல் டட்லி சேனநாயக்கவின் தேசிய அரசாங்கத்துக்குத் தமிழரசுக் கட்சி ஆதரவளித்தது. தேர்தலில் வென்ற தன் உறுப்பினர் எவரையும் அமைச்சராக்காமல், முன்னாள் சொலிசிட்டர் ஜெனரலான மு. திருச்செல்வத்தைச் செனட் வழியாக அமைச்சரவைக்கு அனுப்பியது. அவருக்குக் கிடைத்தது உள்ளூராட்சி அமைச்சு. மாவட்ட சபைகளை அமைக்கும் திட்டம் முன்னால் இருந்ததால் அந்த அமைச்சுக்குத் தனி முக்கியத்துவம் இருந்தது. அத்திட்டமோ எதிர்ப்புக்கு முன்னால் நிற்காமல் 1968 இல் கைவிடப்பட்டது.

கோணேசர் கோயிலின் கதை அதே ஆண்டில் வருகிறது. கோயிலுக்குப் போகும் வழியைத் தெரிந்தவர்களுக்கு அதன் சிக்கல் புரியும். பிரெடெரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, படை முகாமைக் கடந்து, மான்கள் மேயும் மரநிழல் வழியாக ஏறித்தான் சுவாமி மலை உச்சிக்குப் போக முடியும். அந்தக் கோட்டையே 1620 களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அதன் கற்களையும் கொண்டு கட்டியது. மண்ணுக்குள் இருந்து 1950 இல் பழைய திருவுருவங்கள் கிடைத்தன, மீண்டும் கட்டப்பட்ட கோயிலுக்கு 1963 இல் குடமுழுக்கு நடந்தது. கோயிலின் சுற்றாடலைப் புனிதப் பிரதேசமாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அமைச்சர் திருச்செல்வம் அதை ஆராய ஒரு குழுவை நியமித்தார். பௌத்த துறவி ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்துப் பிரதமருக்கு எழுதினார். பிரதமர் தன் அமைச்சரைத் தாண்டி அந்தக் குழுவின் வேலையை நிறுத்தினார். திருச்செல்வம் பதவியைத் துறந்தார்.

நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எல்லையை வரைந்தோ அறிவித்தலைப் போட்டோ யாருடைய காணியையும் அவர் எடுக்கவில்லை. ஆராய்ந்து சொல்ல ஒரு குழு போட்டார், அவ்வளவுதான். அதுவும் நிலைக்கவில்லை. வாக்காளர் பலம் பின்னால் இல்லாத அமைச்சருக்குப் பிரதமரின் நம்பிக்கை ஒன்றே தூண். அது விலகிய நாளில் அவரிடம் எஞ்சியிருந்தது சுயமரியாதை. அதைக் காப்பாற்றிக்கொண்டு அவர் வெளியேறினார். அவர் கட்சியும் தொடர்ந்து அரசாங்கத்தை விட்டு விலகியது. எங்கள் ஊர் முதியவர்கள் அவரைப் பட்டத்தோடு சேர்த்துச் சொல்வதில் நான் கேட்பது அந்த வெளியேற்றத்துக்கான மரியாதையை. இலங்கைத் தமிழில் 'செனட்டருக்குரிய' என்ற சொல்லுக்கு ஏதாவது தனிப்பொருள் உண்டென்றால், அது இந்தக் கௌரவமும் இந்தக் கையறு நிலையும் சேர்ந்ததுதான்.

1971 ஒக்டோபர் 2 ஆம் திகதி செனட் ஒழிக்கப்பட்டது. ஒழித்த அரசாங்கத்தின் தலைவர், முன்னாள் செனட்டரான சிறிமாவோ பண்டாரநாயக்க. அடுத்த ஆண்டு வந்த குடியரசு யாப்போடு சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு தந்த சிறுபான்மைப் பாதுகாப்பும் போனது. செனட்டர் என்ற பதவி போன பின்னும் அந்த வாசல் முற்றாக மூடப்படவில்லை. இன்று 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் கட்சிகள் நியமிக்கும் தேசியப் பட்டியல் வழியாக வரும் 29 பேர், தொகுதியில் வாக்குக் கேட்காமல் அமைச்சராகக்கூடியவர்கள். ஆனால் அவர்களைச் செனட்டர் என்று அழைக்க வழியில்லை. அவர்கள் அமர்வது மற்ற உறுப்பினர்கள் இருக்கும் அதே சபையில்.

சட்டவாக்கத்தில் மறைந்த சொல் பல்கலைக்கழகங்களில் பிழைத்துக்கொண்டது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி பேரவை நிருவாகத்தைப் பார்க்கும், மூதவை கல்வியைப் பார்க்கும். துணைவேந்தர், பீடாதிபதிகள், துறைத்தலைவர்கள், பேராசிரியர்கள் முதலானோர் மூதவையில் இருப்பார்கள். பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் எல்லாம் அதன் கையில். கோணேசபுரி வளாகத்துக்கென்று தனி மூதவை கிடையாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மூதவை வந்தாறுமூலையில் இருக்கும் தலைமை வளாகத்தைச் சார்ந்தது. திருமலை மாணவரின் பட்டமும் அங்கீகாரத்துக்கு அங்கேதான் போகிறது. ஆக, இங்கே 'மூதவையின்' என்று எழுதுவதே முறை. மூதவை உறுப்பினர் ஒருவரைச் 'செனட்டர்' என்று எழுதினால் வாசகர் அரசியல்வாதி என்றே எடுத்துக்கொள்வார். தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் ஒரு சொல்: அங்கே பல்கலைக்கழகச் செனட் என்றால் பெரும்பாலும் பட்டதாரிகள், வெளியார் எல்லாம் இடம்பெறும் ஆட்சிப் பேரவை நினைவுக்கு வரும். எங்கள் மூதவை அதைவிடக் குறுகியது, கல்விக்கே உரியது.

இரண்டாவது சபை வேண்டும் என்ற பேச்சு இலங்கையில் ஓய்ந்துவிடவில்லை. 2017 செப்டம்பர் 21 ஆம் திகதி புதிய யாப்பை ஆக்கக் கூடிய அரசியலமைப்பு நிர்ணய சபையில் வைக்கப்பட்ட, அதன் வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை 55 பேர் கொண்ட சபை ஒன்றைப் பரிந்துரைத்தது. ஒன்பது மாகாண சபைகளும் ஐந்து ஐந்து பேராக 45 பேரை அனுப்பும். பாராளுமன்றம் 10 பேரைத் தெரிவு செய்யும். அந்த 10 பேர் பொதுவாழ்விலோ தொழில்துறையிலோ சிறந்து விளங்கியவர்களாக இருக்க வேண்டும்.

இந்தச் சபைக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டால், மூதவை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பெயர் அந்த 10 பேருக்குப் பொருந்தலாம். மற்ற 45 பேரும் தங்கள் அனுபவத்துக்காக அமர்த்தப்படுபவர்கள் அல்லர், ஒரு மாகாணத்தின் குரலாக அனுப்பப்படுபவர்கள். மாகாணங்களவை என்பதே அவர்கள் செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும் பெயர். 1968 இல் திருச்செல்வத்தின் பின்னால் இல்லாமற்போனது இப்படியொரு பிடிமானம்தான்: பிரதமரின் தயவால் வராமல், ஒரு மாகாணத்தின் தெரிவால் வந்து அமரும் இடம். கிழக்கு மாகாண சபை கூடும் நகரம் திருகோணமலை என்பதால், கிழக்கின் ஐந்து பேரைத் தெரிவு செய்யும் வாக்கெடுப்பும் இங்கேதான் நடந்திருக்கும். அறிக்கை வெளியான அதே செப்டம்பர் மாத இறுதியில் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பின்னர் அந்தச் சபைக்குத் தேர்தல் நடத்தப்படவில்லை.